பதினான்கு நட்சத்திரக் கூட்டங்கள்

1. ஐப்பசி மழையின் நடுவில், நான் படித்த சென்னைப் பயிற்சிக் கல்லூரியிலிருந்து ஒரு தொலைநோக்கி மரப்பெட்டியில் வந்தது. இரவல்தான்.

2. நிபந்தனை: இருபது நட்சத்திரக் கூட்டங்களைக் கண்டுபிடித்து, பார்த்தபடி வரைந்து அனுப்ப வேண்டும். இருபதும் சரியாக இருந்தால், நான் விஞ்ஞானம் கற்பிக்கும் பெண்கள் பள்ளிக்கூடத்திலேயே அது இருக்கும். இல்லாவிட்டால் சித்திரைக் கடைசியில் திருப்பிவிட வேண்டும்.

3. கார்த்திகை மாதம் பாதிவரை மேகம்.

4. அதன்பின் பங்குனி பிறப்பதற்குள் பதினான்கு வரைந்தேன்.

5. ஏகாம்பரநாதர் கோயில் திருவிழாவில் காஸ் விளக்கு வெளிச்சமும் புழுதியும் சேர்ந்து வானம் வெளுத்துப்போனது. அந்த நாட்களில் ஒன்றும் கிடைக்கவில்லை.

6. பதினான்கையும் அனுப்பினேன். அத்தனையும் திரும்பி வந்தன.

கூட வந்த கடிதத்தில் இரண்டே வரி. வான வரைபடத்தோடு ஒன்றுகூடப் பொருந்தவில்லை. கண்ணால் பார்த்துத்தான் வரைந்தீர்களா?

எனக்குக் கோபம் வரவில்லை. கோபப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டும். அந்த நான்கு மாதமும் நாலு மணிக்கு எழுந்திருந்தேன். தாளில் பனி இறங்கி மை ஊறும் என்பதால் பென்சிலில் வரைந்து, விடிந்த பிறகு மை போடுவேன். ஒன்பதரைக்குப் பள்ளிக்கூடம். மாலையில் கட்டுரை நோட்டுகள். நிலா இல்லாத நாட்களில் மாலையிலும் ஒரு மணி நேரம் தொலைநோக்கிக் குழாயின் முன்னால் நிற்பேன். ஒருமுறை கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோதே நின்றபடி தூங்கியிருக்கிறேன். பிள்ளைகள் சத்தம் போடாமல் காத்திருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

பிள்ளையார்பாளையத்தில் அம்மாவும் நானும் ஒரு நெசவுக்காரர் வீட்டின் பின்கட்டில் குடியிருந்தோம். புழக்கடை இரண்டு வீட்டுக்கும் பொது. அந்த வீட்டு மருமகளுக்கு என்னைவிட இரண்டு வயது கூட இருக்கும். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பகலெல்லாம் தறியில் உட்கார்ந்துவிட்டு, விளக்கு வைத்ததும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு புழக்கடைக்கு வருவாள்.

"குழாய வெச்சிக்கினு தினமும் தேடுறீங்களே டீச்சரம்மா, மாப்பிள்ள கெடச்சாரா இல்லியா?"

"இன்னும் ஆறு பாக்கி அக்கா."

"ஆறு மாப்பிள்ளயா? ஒண்ண வெச்சிக்கினு நான் படுற பாடு போதாதா?"

கடிதம் வந்த மறுநாள் மாலை, துவைக்கிற கல்மேல் அரிக்கேன் விளக்கை வைத்து, தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து நட்சத்திரப் படத்தோடு ஒத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். தொலைநோக்கியில் உருவம் தலைகீழாகத் தெரியும். அது எனக்குத் தெரியும், அதற்காகத் தாளைத் திருப்பியும் வைத்துப் பார்த்தேன். நான்கு பக்கமும் சுற்றியாயிற்று. பொருந்தவில்லை. நிஜமாகவே நான் எதையும் பார்க்கவில்லையோ என்று எனக்கே ஐயம் வந்துவிட்டது.

அக்கா பக்கத்தில் வந்து குந்தினாள். "இது இன்னாது?"

"கார்த்திகை."

அவள் மேற்கே நிமிர்ந்து பார்த்தாள். தென்னைக்கு மேல் கார்த்திகை இறங்கிக்கொண்டிருந்தது. மறுபடி தாளைப் பார்த்தாள்.

"இல்லியே. வால் அந்தாண்ட இல்ல இருக்குது."

"திருப்பினா சரியாயிடும்," என்று தாளைச் சுற்றிக் காட்டினேன். வால் மேலே போனதே தவிரச் சரியாகவில்லை.

"சுத்திக்கினே இருக்கீங்களே. சுத்தாதீங்கம்மா, பொரட்டுங்க." என் கையிலிருந்து தாளை வாங்கி, மை போட்ட பக்கத்தை விளக்குக்குக் காட்டி, பின்பக்கத்தை என் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். ஊடே தெரிந்த புள்ளிகள் மேற்கு வானத்தில் இருந்தபடியே இருந்தன.

"தறியில சேலையோட நல்ல பக்கம் கீழ இருக்கும். நாங்க பாக்கறது பின்பக்கம். பூ சரியா உழுந்துச்சான்னு தெரியணும்னா அடியில கண்ணாடி வெச்சிதான் பாப்போம். உங்க குழாயிலயும் கண்ணாடி இருக்குதா?"

இருந்தது. கழுத்தை ஒடித்துக்கொண்டு பார்க்க வேண்டாம் என்று, குழாயின் முனையில் முழங்கைபோல் வளைந்த ஒரு துண்டை மாட்டியிருந்தேன். அதற்குள் ஒரு சின்னக் கண்ணாடி. கண்ணாடியில் இடம் வலமாகும் என்பதை அந்த வாரம்தான் வகுப்பில் நடத்தியிருந்தேன்.

"படிச்சவங்களுக்கும் இதெல்லாம் நடக்குதா?" என்று கேட்டுவிட்டு அக்கா உள்ளே போனாள். உலை கொதித்துக்கொண்டிருந்தது.

மற்ற பதின்மூன்றையும் புரட்டிப் பார்த்தேன். பூசத்தின் நடுவில் இருக்கும் மங்கலான கூட்டம், திருவாதிரைக்கு வடக்கே கண்டவை, எல்லாம் பொருந்தின. புதிதாக வரைந்ததுபோல் நகலெடுத்து அனுப்பிவிடலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். பிறகு மெல்லிய தாளை வைத்துப் பின்பக்கத்திலிருந்து படியெடுத்து, பழைய தாள்களையும் சேர்த்து, தவறு எங்கே நடந்தது என்று எழுதி அனுப்பினேன்.

மிச்சம் ஆறில் இரண்டு, மூலத்துக்குப் பக்கத்தில், விடிகாலையில் தெரிய வேண்டியவை. முழங்கைத் துண்டைக் கழற்றிவிட்டு, பாயைப் போட்டு, படுத்தபடி பார்க்க ஆயத்தம் செய்தேன். படுத்தேன். விழித்தபோது காகம் கத்திக்கொண்டிருந்தது. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் அம்மா என்னை எழுப்பவில்லை. கேட்டதற்கு, "உன் மூஞ்சியப் பாத்தா எழுப்ப மனசு வரல," என்றாள். அதன் பிறகு நிலா வந்துவிட்டது, சித்திரையும் முடிந்தது.

பதினான்கும் சரி என்று ஆனியில் தாள்களோடு பதில் வந்தது. இருபது ஆகாததால், தொலைநோக்கி வேறொரு ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டது. தாள்கள் எங்கள் வகுப்பறைச் சுவரில் இருக்கின்றன. ஆறு பாக்கி.