முன்னறையைக் காலி செய்த வாரம்

என் மனைவிக்கு வலது முட்டியில் ஆபரேஷன் முடிந்த மறுநாள், நடைப்பயிற்சி சொல்லித் தருகிற பெண் என்னை வார்டுக்கு வெளியே கூப்பிட்டு மூன்று விஷயங்கள் சொன்னார். ஆறு வாரத்துக்கு மாடிப்படி ஏறக் கூடாது. நடக்கிற வழியில் காலில் எதுவும் தடுக்கக் கூடாது. கட்டில் தாழ்வாக இருக்கக் கூடாது. அவள் உட்கார்ந்தால் பாதம் இரண்டும் தரையில் பதிய வேண்டும், இடுப்பு மட்டும் முட்டியை விட மூன்று விரற்கடை மேலே இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்றார். அன்று செவ்வாய்.

எங்கள் படுக்கையறை மாடியில். கீழே குளியலறையை ஒட்டி இருப்பது முன்னறை ஒன்றுதான். அந்த அறைக்குள் நாங்கள் கடைசியாக நேராக நடந்து போய்ப் பல வருஷம் இருக்கும். பக்கவாட்டில்தான் நுழைய வேண்டும்.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதனாலோ என்னவோ, எதையும் நானாக முடிவு செய்தால் அது தப்பாகத்தான் போகும் என்று ஒரு பயம் அப்போதே ஒட்டிக்கொண்டது. பல்பு வாங்கப் போனாலும் கடையில் நின்றுகொண்டு மனைவிக்குப் போன் செய்து, மஞ்சளா வெள்ளையா என்று கேட்பேன். ஆஸ்பத்திரியில் சேர்கிற அன்று அவள் தெளிவாகச் சொல்லிவிட்டாள்.

“இந்த ஒரு வாரம் என்னை எதுவும் கேக்காதீங்க. அப்படி என்ன ராக்கெட்டா வுடப் போறீங்க? நீங்களே பாத்துச் செய்ங்க.”

அவளைக் கேட்கக் கூடாது என்றால் மற்றவர்களைக் கேட்கலாம் அல்லவா? அப்படித்தான் நான் எடுத்துக்கொண்டேன். கீழ்க்கட்டளையில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு வந்ததும் முன்னறைச் சாமான்களை ஒவ்வொன்றாகப் போட்டோ எடுத்து, குடும்ப வாட்ஸப் குரூப்பில் போட்டேன். “இதை வைத்துக்கொள்ளலாமா, போட்டுவிடலாமா?”

பழைய டேபிள் ஃபேன். கிரைண்டர் கல். மகளின் சைக்கிள். இரண்டு அண்டா. அவள் தையல் மிஷினில் உட்காருகிற மரநாற்காலி. மிஷினை எப்போதோ கொடுத்தாயிற்று, நாற்காலி மட்டும் நின்றுவிட்டது. பதில்கள் வந்தபடி இருந்தன. “அய்யோ போட்டுடாதீங்க, எனக்கு வேணும்.” “அண்டாவை நம்ம வீட்டு நிக்காஹ்வுக்கு எடுத்துக்கறேன்.” நானும் ஒவ்வொன்றிலும் பேர் எழுதிய காகிதத்தை ஒட்டினேன். புதன்கிழமை மாலைக்குள் ஒரு சாமானும் வெளியே போகவில்லை. ஆனால் எல்லாவற்றுக்கும் வேறு சொந்தக்காரர் வந்துவிட்டார்கள். முன்னே என் பொருளாக இருந்தவரைக்காவது அதைத் தூக்கிப் போடுகிற உரிமை எனக்கு இருந்தது.

பொத்தேரியில் குடியிருக்கிற என் மகள், ஆஸ்பத்திரியில் அம்மாவுக்குத் துணையாக இருந்தவள், அங்கிருந்து போன் செய்தாள். “அத்தா, சனிக்கிழமை காலைல பத்து மணிக்குள்ள எடுக்கலன்னா குப்பை வண்டிக்குப் போயிடும்னு குரூப்புல போடுங்க.” “அப்படிப் போட்டா கோவிச்சுக்க மாட்டாங்களா?” “போடுங்கத்தா.” போட்டேன். போட்ட கையோடு இரண்டு தடவை அழித்து, மறுபடி போட்டேன்.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து பல்லாவரம் சந்தைக்குப் போனேன். அந்த அறையில் கிடந்ததில் பாதி அந்தச் சந்தையிலிருந்து வந்ததுதான். கல்யாணமான புதிதில் வெள்ளிக்கிழமை தவறாமல் நானும் அவளும் போவோம். அவள் பேரம் பேசுவாள், நான் பின்னால் நின்று “வேண்டாம்னு தோணுது” என்பேன், அவள் வாங்கிவிடுவாள். இப்போது தனியாகப் போனது பழைய சாமான் எடுக்கிற ஆளை விசாரிக்கத்தான். ஆனால் செடி விற்கிறவரிடம் நின்றுவிட்டேன். முன்னறை ஜன்னலை மருதாணி மூடியிருந்தது. அவள் நட்டது, பெருநாளுக்குத் தெருவே வந்து பறிக்கும். அறைக்கு வெளிச்சம் வேண்டும், வெட்டவும் பயம்.

“வெட்டுங்க சார், வெட்டினாத்தான் தழையும்” என்றார் அவர்.

“செத்துப் போச்சுன்னா?”

“மருதாணியா? நீங்க வேணும்னு கொன்னாத்தான் உண்டு.”

வீட்டுக்கு வந்து வெட்டினேன். பாதி வெட்டும்போது பயம் வந்து நிறுத்திவிட்டேன். ஒரு பக்கம் மொட்டை, ஒரு பக்கம் காடு. ஆனாலும் ஜன்னல் வழியாக வெயில் வந்து, சாமான்களின் அடியில் இருந்த மேசையின் ஓரத்தில் விழுந்தது. அப்போதுதான் மேசை இருப்பதே எனக்கு ஞாபகம் வந்தது.

அது தோல் வெட்டுகிற மேசை. பல்லாவரத்து வாடகை வீட்டிலிருந்து இங்கே வந்தபோது இந்த ஒரு அறைதான் எங்கள் வீடு, மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஓடு. ஆசாரியை உள்ளேயே உட்கார வைத்துச் செய்தது, ஆறடி நீளம், மூன்றரை அடி அகலம். நின்றுகொண்டு வெட்டுவதற்காக மூன்றடி உயரம். நான் வெட்டிப் போடுவேன், அவள் ஒட்டித் தைப்பாள். பர்ஸ், பெல்ட், கம்பெனிகள் கேட்கிற டைரி உறை. தோல் ஒட்டுகிற சொல்யூஷன் வாடை சோற்றிலும் வரும். இரவில் மேசையைத் துடைத்துவிட்டு அதிலேயே சாப்பிடுவோம். மகள் அதில்தான் தவழ்ந்தாள், அதில்தான் வாய்ப்பாடு எழுதினாள். வெள்ளம் வந்த வருஷம் தண்ணீர் கணுக்காலைத் தாண்டியதும் அரிசி மூட்டையையும் மகளையும் மேசை மேல் ஏற்றிவிட்டு, நாங்கள் இரண்டு பேரும் இரண்டு முனையில் ஏறி உட்கார்ந்தோம். பயத்தில் நான் மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அவள் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து, “கப்பல்ல போறோம்னு நெனச்சுக்கணும்” என்றாள். மகளுக்குச் சொன்னாளா எனக்குச் சொன்னாளா என்று இன்றைக்கும் கேட்கவில்லை.

ரெக்சின் பை மலிந்த பிறகு ஆர்டர் குறைந்தது, என் கண்ணும் மங்கியது. மேசை மேல் ஒரு நாள் எதையோ வைத்தோம். அதன் மேல் இன்னொன்று. அப்படியே மேசை மறைந்துவிட்டது.

அதை வெளியே எடுக்க வழியில்லை. மாடி கட்டும்போது கிரில் கதவு போட்டதில் வாசல் குறுகிவிட்டது. எதிர்வீட்டில் ரிட்டயர் ஆன சார் ஒருவர் இருக்கிறார், எல்லாவற்றுக்கும் யோசனை வைத்திருப்பவர். வந்து பார்த்தார்.

“பாய், இதை அறுத்துத் துண்டு துண்டா எடுத்துடுங்க. இல்லன்னா ஒண்ணு பண்ணுங்க. கால்களைக் குறைச்சுட்டு மேல மெத்தை போட்டா, கட்டில் ரெடி. இந்த மாதிரி மரம் இனிமே கிடைக்காது.”

இரண்டாவது யோசனை எனக்குப் பிடித்தது. ஆனால் அவளைக் கேட்காமல் அந்த மேசையில் கை வைப்பதா? மகளுக்குப் போன் செய்தேன். “அம்மா தூங்கறாங்க அத்தா. நீங்களே செய்ங்கன்னுதானே சொன்னாங்க?” என்று வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை காலை மேசை மேல் இருந்ததையெல்லாம் ஓரமாக இறக்கி வைத்தேன், ஆசாரி வந்தார். இந்தப் பக்கத்துக்காரர், வாய் சும்மா இருக்காது.

“எவ்ளோ குறைக்கணும் பாய்?”

அங்கேதான் மாட்டினேன். முட்டி உயரத்துக்கு மூன்று விரற்கடை மேலே என்று தெரியும். அவள் முட்டி உயரம் என்ன? போன் செய்து கேட்டால் எதற்கு என்பாள். எதிர்வீட்டு சார், தரையிலிருந்து இருபத்திரண்டு அங்குலம் இருந்தால் சரி என்றார், அவர் செல்போனில் அப்படி இருந்ததாம். என் முட்டியை அளந்து மூன்று விரற்கடை சேர்த்தேன், கிட்டத்தட்ட அதே கணக்கு வந்தது. சரி என்றேன். ஆசாரி நாலு காலையும் அறுத்து, மேசையை நிறுத்தினார். மாடியிலிருந்து மெத்தையைக் கொண்டுவந்து மேலே போட்டுவிட்டு நான் உட்கார்ந்து பார்த்தேன். எனக்கே குதிகால் தூக்கிக்கொண்டு நின்றது. மெத்தையின் தடிமனை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. அவள் என்னை விட ஒரு சாண் குட்டை என்பதையும்.

“இன்னா பாய், வூட்டு அக்கா வந்து ஊஞ்சல் ஆடப் போறாங்களா?”

“தப்பாயிடுச்சு அண்ணா.”

“அறுத்ததை ஒட்ட முடியாது, இன்னும் அறுக்க முடியும். அதனால பயப்படாத. எவ்ளோன்னு மட்டும் ஒரே தபா சொல்லு.”

அந்த நேரம் பார்த்து என் அக்கா வந்து நின்றாள். பல்லாவரத்திலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து, மரநாற்காலியை எடுத்துப் போக வந்திருக்கிறாள். மெத்தை போட்ட மேசையைப் பார்த்ததும் முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொண்டாள்.

“என்னடா இது தம்பி? ஆபரேஷன் ஆனவளைப் பலகை மேலயா படுக்க வைக்கப் போற? மய்யித்தைக் குளிப்பாட்டற பலகை மாதிரி இருக்குடா. நல்லா இருக்கிறவளை…” பிணத்தைக் கழுவுகிற பலகை என்று சொல்லிவிட்டு, மேலே சொல்லாமல் நிறுத்தினாள். சொல்லி முடித்திருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

நான் மெத்தையைக் கீழே இறக்கப் போனேன். ஆசாரி ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டார். “யக்கா, கட்டிலுகூடப் பலகைதானே? சும்மா இருக்கிற மனுஷனைப் பேஜார் பண்ணாத” என்றார். அக்கா அவரை முறைத்துவிட்டு, ஆட்டோ நிற்கிறது என்று நாற்காலியைத் தூக்கினாள். அதற்கு உயரம் குறைவு என்பதால் அவள் குனிந்தே தூக்க வேண்டியிருந்தது.

“அக்கா, அதை வை” என்றேன்.

“பேர் ஒட்டியிருக்கே, என் பேர்தானே?”

“உன் பேர்தான். ஒரு நிமிஷம் வை.”

அந்த நாற்காலியின் கால்களை அறுத்ததும் நான்தான். கல்யாணமான முதல் மாதம். மிஷின் பெடலுக்கு அவள் கால் எட்டவில்லை. நுனிவிரலால் மிதித்து மாலையில் கெண்டைக்கால் இழுத்துக்கொள்ளும். சொல்ல மாட்டாள், தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒரு மத்தியானம் அவளை உட்கார வைத்து, பாதத்தைத் தரையில் வைக்கச் சொல்லி, தோலுக்குக் கோடு போடுகிற சாக்கட்டியால் அவள் முட்டி மடிப்புக்கு நேராகக் கதவில் ஒரு கோடு போட்டேன். யாரையும் கேட்கவில்லை. பத்தொன்பது வயதுப் பெண்ணின் முட்டியை அளக்க யாரிடம் போய் யோசனை கேட்பது? அந்தக் கோட்டுக்குச் சரியாக நாற்காலியை அறுத்தேன். இருபது வருஷம் அதில் உட்கார்ந்து தைத்தாள்.

டேப்பை வைத்தேன். பதினாறு அங்குலம். அதோடு மூன்று விரற்கடைக்கு இரண்டு. மெத்தை, ஆள் உட்கார்ந்தால் அமுங்குகிறது போக, நாலு. பதினெட்டில் நாலு போனால் பதினாலு.

“அண்ணா, தரையிலேர்ந்து பதினாலு அங்குலம்.”

“நிச்சயமா?”

“நிச்சயமா” என்றேன். அந்த வார்த்தையை என் வாயால் சொன்னது எனக்கே புதிதாக இருந்தது.

ஆசாரி அறுக்க ஆரம்பித்தார். அக்கா நாற்காலியில் ஒட்டியிருந்த காகிதத்தைப் பார்த்தாள். பிறகு, “இதை எடுத்துட்டுப் போகட்டுமா, வேணாமா?” என்றாள்.

“வேணாம்க்கா.”

“அதை அப்பவே சொல்றதுக்கு என்ன?” ஆட்டோவை அனுப்பிவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அறையைப் பெருக்க வந்துவிட்டாள். பத்து மணிக்கு மேல் எடுக்காமல் கிடந்ததையெல்லாம் அவளே வாசலுக்குத் தள்ளினாள். யார் யாருக்கோ நான் ஒட்டிய பேர்களைப் படித்துப் படித்துச் சிரித்தாள். “இவன் எங்கடா வரப் போறான், போடு வெளிய.”

ஆனாலும் அவள் சொன்ன பலகை என் மனதை விட்டுப் போகவில்லை. ஞாயிறு காலை ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் அதுதான். அவளுக்கும் அப்படித் தோன்றிவிட்டால்? எத்தனையோ வருஷம் நின்று உழைத்த மேசையை யாரைக் கேட்டு அறுத்தீர்கள் என்றால்? காரில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் வந்தேன். நான் எதுவும் கேட்காமல் வந்ததிலேயே அவளுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

“என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?” என்றாள் மேடவாக்கம் சாலையில்.

“வந்து பாரேன்.”

வாக்கரைப் பிடித்துக்கொண்டு அவள் முன்னறைக்குள் நேராகவே நடந்து போனாள். நின்றாள். மெத்தை விரிப்பின் ஓரத்தைத் தூக்கி, அடியில் இருந்த மரத்தைப் பார்த்தாள். என் கத்தி விழுந்த கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக இருந்தன. அதன் மேல் உள்ளங்கையை வைத்தாள். அக்கா சமையலறை வாசலில் நின்று என்னைப் பார்த்தாள், நான் தரையைப் பார்த்தேன்.

“அறுத்துட்டீங்களா?”

“ம்.”

“யாரு சொன்னா?”

எதிர்வீட்டு சார் என்று சொல்லியிருக்கலாம். பாதி உண்மைதான். “நான்தான்” என்றேன்.

அவள் திரும்பி, மகளின் கையைப் பிடித்து, மெதுவாகப் பின்பக்கம் சாய்ந்து உட்கார்ந்தாள். வலியில் ஒரு முறை கண்ணை மூடினாள். திறந்ததும், “இத்தனை வருஷம் இதுகிட்ட நின்னு வேலை பாத்தேன். இப்பத்தான் உக்காருன்னு சொல்லுது” என்றாள். அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. தரையில் மண்டி போட்டுக் குனிந்து பார்த்தேன். கட்டுப் போட்ட காலும் போடாத காலும், இரண்டு குதிகாலும் தரையில் பதிந்திருந்தன.