கேமராவைப் பார்க்கக் கூடாது

வெள்ளைக்காரர்கள் எங்கள் வெண்ணாற்றங்கரைக்குப் படமெடுக்க வந்தபோது எனக்கு ஒன்பது வயது. ஆற்றையொட்டி உழைத்துப் பிழைக்கும் குடும்பங்களைப் பற்றிய கதையாம். லண்டன் கம்பெனி என்றதும் ஊரே வாயைப் பிளந்தது. வந்ததோ ஒரு வேன், ஒரு கேமரா, ஐந்து பேர். நடிகர்களை அழைத்துவர வசதியில்லாமல், நடவுக்குப் போகும் அம்மாவையும் என்னையுமே தாயும் மகளுமாக நடிக்கச் சொன்னார்கள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்பா துபாய்க்குப் போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. ஆறு மாதமாகக் கடிதமும் இல்லை. அவர் கிளம்பியபோது எனக்கு முன்பல் இரண்டும் விழுந்திருந்தன. முளைத்த பல்லை அவர் பார்த்ததேயில்லை. வெளிநாடு என்பது அப்போது எனக்கு ஒரே ஊர். படம் அங்கே ஓடும், அப்பா பார்ப்பார்.

“லண்டன் எங்க இருக்கு, துபாய் எங்க இருக்கு? அவரு எப்புடிடி பாப்பாரு?” என்று தலை வாரும்போதே அம்மா சொல்லிவிட்டாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நான் குடத்தோடு கரையேறி வரவேண்டும், கேமராவைப் பார்க்கக் கூடாது. அவ்வளவுதான் காட்சி. நான்கு முறை ஏறினேன். நான்கு முறையும் கேமராவைப் பார்த்து எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தேன்.

“பாப்பா, ஃபிலிம் தீந்துபோயிடும்மா. இங்க பாக்காத,” என்று மெட்ராஸிலிருந்து வந்த உதவியாளர் கெஞ்சினார். ஐந்தாவது முறை என்னைத் திருப்பி நிறுத்தினார்கள். படத்தில் என் சடைதான் வருமாம். குடத்தை நங்கென்று கரையில் வைத்தேன்.

அடுத்து அம்மா. கணவன் வெளியூருக்குப் பிழைக்கப் போய்விட்ட பெண்ணாக, ஆற்றில் கால் கழுவிவிட்டு அக்கரையைப் பார்க்க வேண்டும். அம்மா கழுவினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்து, காதோர முடியை ஒதுக்கிக்கொண்டாள். பிறகு நேராகக் கேமராவைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. பார்த்துக்கொண்டே நின்றாள். உதவியாளர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். டைரக்டராக வந்த வெள்ளைக்காரப் பெண் கையைக் காட்டி அவரை அடக்கிவிட்டாள்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. நான் பார்த்தால் குற்றம், அம்மா பார்த்தால் கேட்பாரில்லையா? வீடுவரைக்கும் அவளோடு பேசவில்லை. நேராகப் பக்கத்து வீட்டில் இருந்த அப்பாவின் அக்காவிடம் போனேன்.

“அத்த, அம்மாவுக்கு என்னவிட சினிமா ஆச. கேமராவையே பாத்துக்கிட்டு நின்னுச்சு,” என்று கோள் சொன்னேன்.

எதற்கும் சிரிக்கும் அத்தை அன்று சிரிக்கவில்லை. “சும்மா இருடி,” என்றாள். முறத்தை அப்படியே வைத்துவிட்டு எங்கள் வீட்டுக்குப் போய், அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

என் நியாயத்தைக் கேட்க இந்த ஊரில் ஒருவருமில்லையே என்று நான் அங்கேயே நின்று அழுதேன்.