துண்டு போட்டுத்தான் பேசுவேன்

சிறையிலிருந்து வெளியே வருகிறவர்களுக்கு வேலை தேடிக் கொடுக்கும் சங்கம் ஒன்றில் 1940களில் நான் ஏஜென்டாக இருந்தேன். இப்போது இந்த வேலைக்கு வரும் இளைஞர்கள், ஒரு கேஸை எப்படி நல்லபடியாக முடிப்பது என்று கேட்கிறார்கள். எனக்கு அதைக் கற்றுக் கொடுத்தது என் முதல் கேஸான மாரப்பன்தான்.

மாரப்பன் பென்னாகரத்து மாட்டுத் தரகர். திருட்டு மாடு என்று தெரிந்தே ஒரு ஜோடியை விற்றுக் கொடுத்து, சேலம் ஜெயிலுக்குப் போனவர். விடுதலையான அன்று நானே வாசலில் நின்று அழைத்து வந்தேன். தருமபுரி மண்டி ஒன்றில் மூட்டை தூக்கும் வேலை தயாராக இருந்தது. வேண்டாம், பழைய சந்தையில் தரகராகத்தான் நிற்பேன் என்றார். எனக்கு எரிச்சலாக வந்தது. பிறகுதான் காரணத்தைச் சொன்னார். அவர் மனைவியும் மகளும் மனைவியின் அண்ணன் வீட்டில் இருந்தார்கள். அந்த மச்சான் கறாராகச் சொல்லிவிட்டாராம்: “எந்தச் சந்தையில மானம் போச்சோ, அங்கயே நாலு பேரு அவரு கையப் புடிக்கட்டும். அப்பறம் தங்கச்சிய வூட்டுக்கு அனுப்பறேன்.”

மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை. தரகர் தோள் துண்டை எடுத்துக் கைமேல் போடுவார். விற்பவர் அதற்குள் கையை நீட்டுவார். விரல்களைப் பிடித்தே விலை பேசுவார்கள். வாங்குபவரிடமும் அப்படித்தான். யாரும் கை நீட்டவில்லை என்றால் அவர் தரகரே இல்லை.

மாரப்பன் வாரம் தவறாமல் போய் நின்றார். ஒரு கையும் நீளவில்லை. இதைக் கேள்விப்பட்ட என் மேலதிகாரி கோட்டும் தொப்பியுமாகச் சந்தைக்கே வந்துவிட்டார். ஒரு மாட்டு வண்டிமேல் ஏறி, மாரப்பன் முழுக்கத் திருந்திவிட்டார், அதற்குத் தாமே பொறுப்பு என்று பிரசங்கம் செய்தார். அதுவரை சங்கதி தெரியாதிருந்த வெளியூர்க்காரர்களும் தெரிந்துகொண்டு நாலடி தள்ளி நின்றார்கள். நல்ல மனிதர், அவரை என்ன சொல்வது?

கடைசியில் சின்னசாமியைத் தேடிப் போனேன். அந்தத் திருட்டு மாடுகளுக்குச் சொந்தக்காரர். மாடுகள் திரும்பி வந்துவிட்டன, கோபம்தான் போகவில்லை. அவர் கை நீட்டினால் ஊரே நீட்டும் என்று மன்றாடினேன். பல நடை நடந்த பிறகு ஒரு காளையை ஓட்டிக்கொண்டு சந்தைக்கு வந்தார். வாங்குவதற்கு ஒரு அரூர்க்காரரும் நின்றார். சுற்றிலும் கூட்டம் கூடிவிட்டது.

“துண்டெல்லாம் வேண்டாம். எல்லாருக்கும் கேக்கற மாதிரி வெளியவே வெல பேசு” என்றார் சின்னசாமி.

இதுவே பெரிய காரியம் என்று எனக்குப் பட்டது. ஒத்துக்கொள்ளச் சொல்லி மாரப்பனுக்குக் கண்ணைக் காட்டினேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

“துண்டு போட்டுத்தான் பேசுவனுங்க. பண்ணுனது தப்பு, அதுக்கு உள்ள இருந்துட்டு வந்துட்டேன். மத்த தரகருங்களுக்கு ஒரு மொற, எனக்கு ஒரு மொறன்னா, நான் இன்னும் வெளிய வரலைன்னுதானுங்க அர்த்தம்.”

போச்சு, எல்லாம் கெட்டது என்று நினைத்தேன். சின்னசாமி அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, “போடு துண்ட” என்று சொல்லிக் கையை நீட்டினார்.

துண்டுக்குள் என்ன விலை பேசினார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரியக் கூடாது என்பதுதான் சந்தை முறை. காளை கைமாறியது. வெயில் தாழ்வதற்குள் மாரப்பனைத் தேடி ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

அடுத்த சந்தையன்று மச்சான் வண்டி கட்டி வந்தார். தங்கச்சியையும் அவள் மகளையும் இறக்கிவிட்டு, பின்னால் கட்டியிருந்த கிடாரிக் கன்றை அவிழ்த்தார். மகள் ஓடிப் போய் மாரப்பனின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

“மாப்பிள்ள, இத நீங்களே பேசி முடிச்சுக் குடுத்துருங்க” என்றார் மச்சான், எல்லோர் முன்னிலையிலும் கையை நீட்டியபடி.

மாரப்பன் அழுதார். நானும் அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். வெளியே வருகிறவருக்கென்று தனி வழி போட்டுக் கொடுக்காதீர்கள். எல்லோரும் நடக்கிற வழியில் அவருக்கும் இடம் கேளுங்கள். கிடைக்கும் வரை கேளுங்கள்.