தம்பினுக்கு ஒரே ஏஜண்டு

மலேசியாவில் தம்பின் ஊர்ப் பக்கத்துத் தோட்டங்களில் சேவல் மார்க் அரிவாள் வேண்டுமென்றால் வள்ளிநாயகி கடைக்குத்தான் வரவேண்டும். நீளக் கம்பில் மாட்டி, எண்ணெய்க்கு வளர்க்கிற செம்பனையின் குலை வெட்டுகிற அரிவாள். தம்பினில் வேறு எவருக்கும் சரக்கு கொடுப்பதில்லை என்று கம்பெனி எழுதிக் கொடுத்திருந்தது. வேறு மார்க் விற்கமாட்டேன் என்று இவளும் எழுதிக் கொடுத்திருந்தாள். அது மட்டும் இல்லையென்றால் சிரம்பான் பெரிய கடைக்காரர்கள் விலையை இறக்கி இவளை எப்போதோ மென்று துப்பியிருப்பார்கள். அந்தத் தைரியத்தில்தான், அரிவாள் முறிந்து வந்தால் மறுபேச்சில்லாமல் புதுசு மாற்றிக் கொடுப்பாள்.

இந்த வருசம் வந்த சரக்கு படுமட்டம். ரெண்டு குலை வெட்டுவதற்குள் முறிந்தது. கம்பெனி மேனேஜர் புவனேஸ்வரனுக்குப் போன் போட்டால், "நல்ல சரக்கு அடுத்த மாசந்தாம்மா, கொஞ்சம் பொறுங்க லா" என்றார். பொறுப்பதாம்! வெட்டின குலைக்குக் கூலி வாங்குகிறவன் அரிவாளில்லாமல் எப்படிப் பொறுப்பான்? வள்ளிநாயகி சிரம்பானுக்கு ஓடி, மயில் மார்க் அரிவாள் வாங்கி வந்து எல்லாருக்கும் மாற்றிக் கொடுத்துவிட்டாள்.

அதோடு சும்மா இருந்திருக்கலாம். வருசா வருசம் கூப்பிடுகிற பழக்கத்தில், தோட்டத்துக் கோயில் ஆயுத பூசைக்கு மேனேஜரையும் கூப்பிட்டுத் தொலைத்தாள். புத்தி எங்கே போச்சோ!

முனீஸ்வரன் முன்னால் அரிவாள்கள் சந்தனப் பொட்டோடு வரிசையாக இருந்தன. அத்தனையிலும் மயில் முத்திரை. மேனேஜர் காரைப் பார்த்ததும், தோட்டத்து ஆட்களை மேய்க்கிற மண்டோர் மாயாண்டி அவற்றை அள்ளப் பாய்ந்தார்.

"சாமிக்கு வச்சத பூசை முடியாம தூக்காதீங்க, மண்டோர்," என்றாள் வள்ளிநாயகி.

புவனேஸ்வரன் பார்த்தார். முகம் சுண்டிப் போனது. "என்னம்மா இது? உங்கள நம்பி ஊரையே குடுத்தோமே!"

அது பொய்யில்லை. அதனால்தான் அவளுக்கு அவ்வளவு வலித்தது.

"நாந்தான் சார் குடுத்தேன். நம்ம அரிவா முறிஞ்சிருச்சு. என்னைவிட்டா வேற யாருகிட்டயும் வாங்க முடியாதுன்னு பண்ணி வச்சது நாமதானே? அப்ப நாந்தானே பாக்கணும்?"

அவர் விபூதி வாங்கிக்கொண்டார். "மேல கேட்டா என்னால பதில் சொல்ல முடியாதும்மா. அடுத்த மாசத்திலேருந்து எல்லாக் கடைக்கும் சரக்கு போகும்." சாப்பிடாமலே கிளம்பிவிட்டார்.

மாயாண்டி மெதுவாக வந்தார். "அக்கா, இனிமே முறிஞ்சா அந்தக் கடைக்காரனுங்க மாத்தித் தருவானுங்களா?"

மாட்டார்கள், விலைப் போட்டியில் இனித் தன்னாலும் முடியாது என்று வள்ளிநாயகிக்குத் தெரியும். "கேட்டுப் பாருங்க லா," என்று சொல்லும்போதே அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.