மழைமாதத்துத் தக்காளி விதை

மழை விடாத அந்த மாதத்தில் மலைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டில் ஈரம் ஏறாதிருந்தது அடுப்புச் சாம்பல் ஒன்றே. அம்மா அந்தச் சாம்பலில் தக்காளி விதையைப் பிசறி, பழைய செய்தித்தாளில் பரப்பிச் சமையலறைச் சன்னலில் வைத்திருந்தார். கொல்லையில் நின்ற செடிகள் யாவும் நோயில் கருகிவிட்டன. தப்பிய ஒரே பழத்தின் விதை அது. பிரிஞ்சாங் சந்தையில் தக்காளிக்குப் பஞ்சமில்லை. ஆயினும் வரிவரியாகப் புடைத்துப் புளிக்கும் எங்கள் தக்காளி அங்கே கிடைக்காது; அது சேராத ரசத்தை அப்பா ரசமென்று ஒப்பியதுமில்லை.

நான்கு நாளாகியும் விதை காயவில்லை. தாளின் ஓரத்தில் வெண்பூசணம் தலைகாட்டியது.

"எப்பம்மா வெயிலு வரும்?"

"அது என்ன கணக்கெழுதுற கிராணியா, மணியடிச்சா வந்து நிக்க? தோட்டத்துத் துரைலா. நெனச்சா வரும்."

எனக்கு அப்போது ஒன்பது வயது. அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் இலை உலர்த்தும் இயந்திரத்தைக் கவனித்துவந்தார். ஈரமாக உள்ளே போகும் இலை அரைமணிக்குள் முறுகி வெளிவருவதை, மதிய உணவு கொண்டுபோகும் நாள்களில் கண்டிருக்கிறேன். இலைக்கு அரைமணி போதுமெனில் விதைக்கு மட்டும் வெயில் எதற்கு? இந்த ஐயம் என்னை உறங்கவிடவில்லை.

மறுநாள் விதையைத் தாளோடு மடித்து உணவுப்பைக்குள் மறைத்துச் சென்றேன். அப்பா கைகழுவப் போனதும் பொட்டலத்தை இயந்திரத்தின் இரும்பு மேல்தட்டில் வைத்தேன். அவர் உண்டு முடிக்கும் தறுவாயில் எடுத்துக்கொண்டேன். விரல் பொசுங்கியது. விதைகளோ மணல்போலக் கலகலத்தன. வீடு திரும்பியதும் சன்னலில் பழையபடி பரப்பிவைத்தேன்.

மாலையில் அம்மா அந்தத் தாளை முகத்தருகே உயர்த்தி நெடுநேரம் முகர்ந்தார். பூசணம் போயிற்றா என்று பார்க்கிறார் என எண்ணினேன்.

"நல்லாத்தான் காஞ்சிருக்கு," என்றார். தாளை மீண்டும் சன்னலில் வைத்தார்.

மறுநாளே பால்மாத் தகரமொன்றில் மண் நிரப்பி, விதைக்கும் வேலையை என்னிடம் விட்டார். நாள்தோறும் கொழுந்து பறிக்கப் புறப்படுமுன் அவர் நீர் தெளிப்பார்; இருவரும் குனிந்து பார்ப்போம். மண் மண்ணாகவே இருந்தது.

"எறும்பு தின்னிருக்குமாம்மா?"

"இருக்கும். எறும்புக்கும் ரசம் வேணும்ல."

மூன்றாம் வாரம், ரிங்லெட்டில் வாழ்க்கைப்பட்ட அத்தை காய்கறி லோரியில் வந்திறங்கினார். அவர் முந்தானை முடிச்சில் எங்கள் தக்காளியின் விதை இருந்தது. முன்பு அம்மா கொடுத்தனுப்பியதன் வழிவந்தது.

"நீங்க சொல்லியனுப்பி இருவது நாளாச்சு அண்ணி. இப்பத்தான் லோரி கெடச்சுச்சு."

நாங்கள் விதைத்ததும் இருபது நாளுக்கு முன்புதான். அதை நான் பொருட்படுத்தவில்லை.

புதுவிதையைக் கொட்டிவைக்கப் பழைய தாளை எடுத்தேன். அப்பாவின் சட்டையில் வீசும் தேயிலை மணம் அதில் அப்படியே இருந்தது. ஒரு மணம் இத்தனை நாள் ஒரு தாளில் எவ்வாறு தங்கும் என்று வியந்து, திரும்பத் திரும்ப முகர்ந்தேன். அதே தாளை முகர்ந்த பின்னரும் அம்மா இருபது நாள் என்னோடு குனிந்து, சூட்டில் வெந்த விதை கிடந்த அந்தத் தகரத்துக்கு நீர் வார்த்தார் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.