செகண்ட்ஸ்

இன்று ஆவி இஸ்திரியின் கீழிருந்து புதுப் பனியன் துணியின் வாசம் எழுந்தபோது, அம்மா துணியில் குறை தேடும் செக்கிங் வேலை பார்த்த கம்பெனிக்கு எதிரே இருந்த வீடியோ கேம் கடை நினைவில் திறந்துகொண்டது. நானும் அக்காவும் மாலைதோறும் ஆடிய சண்டை விளையாட்டில், கோலூன்றிய முதிய துறவியே என் வீரர். அவர் வீழ்ந்து வீழ்ந்து எழுவதை, கோயிலில் நான் பதிகம் பாடும் அதே பக்தியோடு பார்த்திருப்பேன்.

ஒருநாள் கடைக்காரர் அதன் அடுத்த பாகத்தைக் காட்டி, “செகண்ட் வந்திருக்குது, வாங்க கண்ணு” என்றார். எங்கள் ஊரில் செகண்ட்ஸ் என்றால் ஓட்டை விழுந்ததால் கழிக்கப்பட்ட துணி. அதற்கேற்ப, புதிய பாகத்தில் என் துறவியே இல்லை. பளபளப்பான யார் யாரோ உயிரின்றி அடித்துக்கொண்டார்கள்.

“செகண்டுன்னா அப்படித்தான். நீயும் நம்ம ஊட்டுக்கு செகண்டுதானே” என்று அக்கா சிரித்தாள்.

என்னையும் கழித்துவிடுவார்களோ என்று அம்மாவிடம் ஓடிக் கேட்டேன். அம்மா சிரிக்கவில்லை. துணியைப் பார்ப்பதுபோலவே என்னைக் குழல்விளக்கின் கீழ் நிறுத்தி, முன்னும் பின்னும் மெல்லத் திருப்பினாள். அந்த வெளிச்சத்தில் என் குற்றங்கள் அனைத்தும் எனக்கே தெரிந்தன. பிறகுதான், குறையில்லாத துணியைத் தேற்றி அனுப்பும் அதே சொல்லால், “பாஸ், கண்ணு” என்றாள்.

இன்றும் சந்நிதியில் பாடி முடித்து நிற்கையில், அந்த ஒரு சொல்லுக்காகவே அஞ்சிக் காத்திருக்கிறேன்.