இரண்டாவது ஹெலிகாப்டர்

எங்கள் தெருவில் மற்ற பெண்கள் புருஷனுக்கு லீவு கிடைத்ததா என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள். நான் மட்டும் போனில், "டெண்டர் இன்னாங்க ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டிருப்பேன். எங்கேயோ ஒரு மாநிலத்துப் போலீஸ் ஹெலிகாப்டர் வாங்குவதில் கள்ளக்குறிச்சியில் வாடகை வீட்டில் இருக்கிற கணக்கு டீச்சருக்கு என்ன அக்கறை என்று யாருக்கும் தோன்றும். என் குடும்பமே அந்த டெண்டருக்குள்தான் மாட்டிக்கொண்டிருந்தது.

என் கணவர் ஹெலிகாப்டர் பராமரிப்பு இன்ஜினியர். திருக்கோவிலூர்க்காரர். சென்னையில் படித்து, ஒரு தனியார் கம்பெனியில் கொஞ்ச காலம் இருந்து, பிறகு மேற்கே ஒரு மாநிலத்துப் போலீஸ் விமானப் பிரிவில் ஒப்பந்த வேலைக்குப் போனார். எந்த மாநிலம் என்று எழுத மாட்டேன். அவர் பிழைப்பில் மண் விழும். அங்கே இருந்தது ஒரே ஒரு ஹெலிகாப்டர். அதைச் சோதித்துப் பார்த்து, பறக்கலாம் என்று கையெழுத்துப் போடுகிற உரிமம் அங்கே இவர் ஒருவருக்குத்தான் இருந்தது. அந்தக் கையெழுத்து விழாமல் அது தரையை விட்டு எழும்பாது. அதனால் இவருக்கு லீவு கிடையாது.

போலீஸ் ஹெலிகாப்டர் என்றால் மேலே இருந்தே திருடனைத் துரத்தும் என்று கல்யாணமான புதிதில் நான் நம்பிக்கொண்டிருந்தேன். அப்படியும் பறக்கும், காட்டுக்குள் ஆளைத் தேடும், வெள்ளத்தில் சிக்கியவர்களைத் தூக்கும், தேர்தல் என்றால் ஓட்டு மிஷின்களைச் சுமக்கும் என்று அவர் விளக்கினார். ஆனால் அதில் ஜாஸ்தி ஏறுவது மந்திரிகளாம்.

"அப்ப திருடனத் தொரத்தறதே இல்லியா?"

"தொரத்தறது இன்னாம்மா, கூடவே ஏத்திக்கினு போறோம்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்குத்தான் நான் விழுந்தேன்.

நான் அங்கே போய்விடலாமே என்று கேட்காதவர்கள் இல்லை. நான் இருப்பது கச்சிராயபாளையம் சாலையில், மலையடிவாரத்து அரசுப் பள்ளியில். படாத பாடு பட்டு வாங்கிய வேலை. ஒரு மாவட்டம் விட்டு இன்னொரு மாவட்டம் மாறுவதே குதிரைக் கொம்பு. மாநிலம் விட்டு மாநிலம் எங்கே மாறுவது? கோடை விடுமுறையில் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு போவேன். அங்கேயும் அவர் விடிந்ததும் ஹெலிகாப்டர் நிற்கிற கொட்டகைக்குப் போய்விடுவார். சாயங்காலம் எண்ணெய் வாசனையோடு வந்து, சமையலறைத் தரையில் உட்கார்ந்து எனக்கு வெங்காயம் நறுக்கித் தருவார். ஊருக்குத் திரும்பி வந்து வெங்காயம் நறுக்கும்போதெல்லாம் எனக்கு அழுகை வரும். அதில் ஒரு வசதி, யாரும் காரணம் கேட்க மாட்டார்கள்.

இரண்டாவது ஹெலிகாப்டர் வாங்கப் போகிறார்கள் என்று அவர் முதலில் சொன்னபோது பாப்பா வயிற்றில் இருந்தாள். இரண்டாவது வந்தால் இரண்டாவது இன்ஜினியர் வருவார். முறை வைத்து லீவு எடுக்கலாம். மாதத்தில் ஒரு வாரமாவது வீட்டில் இருக்கலாம். அன்றைக்கு ஆரம்பித்தது என் டெண்டர் படிப்பு.

இன்னொரு ஹெலிகாப்டர் வேண்டும் என்று போலீஸ் தலைமையகம் எழுதியது. நிதித்துறை, வாங்குவானேன், வாடகைக்கு எடுத்தால் போதாதா என்று திருப்பி எழுதியது. வாடகைக்கு எடுத்தால் அந்தக் கம்பெனியே பைலட்டையும் இன்ஜினியரையும் சேர்த்து அனுப்பிவிடும்; இவரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆள் வேண்டும், ஆளின் சம்பளமும் வேண்டும் என்று நான் நினைத்தது பேராசையா என்ன? பிறகு வாங்குவதென்றே முடிவாயிற்று. ஒற்றை என்ஜினா இரட்டை என்ஜினா என்று கமிட்டி உட்கார்ந்தது. மந்திரிகள் ஏறுவதால் இரட்டை என்ஜின்தான் என்று எழுந்தது. பாப்பாவுக்குக் காது குத்தும் சமயத்தில், ஒரே ஒரு கம்பெனிதான் விலை குறித்துக் கொடுத்தது என்று டெண்டர் ரத்தானது. மறுபடி போட்டார்கள். அவளை எல்.கே.ஜி.யில் சேர்த்தபோது, தோற்ற கம்பெனி கோர்ட்டுக்குப் போய்த் தடை வாங்கியது. தடை நீங்கியதும் தேர்தல் வந்தது. அந்த மாநிலத்து ஓட்டு எண்ணிக்கையை எங்கள் தெருவில் விழுந்து விழுந்து பார்த்தவள் நான் ஒருத்திதான்.

கடைசியில் கையெழுத்தானது. ஒப்பந்தத்திலேயே இரண்டு இன்ஜினியர்களுக்கு வெளிநாட்டில் பயிற்சி என்று இருந்தது. இவரும் புதிதாக எடுத்த ஒரு பையனும் போய் வந்தார்கள். வந்த கையோடு அந்தப் பையன் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வளைகுடாப் பக்கம் போய்விட்டான். அங்கே சம்பளம் நல்ல சம்பளம். இனிமேல் ஹெலிகாப்டர் இரண்டு; இன்ஜினியர் அதே ஒருவர். அந்தப் பையனை நான் எந்த வார்த்தையில் திட்டினேன் என்று இங்கே எழுத முடியாது.

தீபாவளிக்கும் அவர் வரவில்லை. பொங்கலுக்கும் வரவில்லை. பாப்பா போனில் அப்பாவுக்கு விழுந்த பல்லைக் காட்டினாள், முளைத்த பல்லையும் காட்டினாள். எனக்குக் காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. ஆளைத் தொட வேண்டும் போல் இருந்தது, அவ்வளவுதான்.

புது ஹெலிகாப்டர் பெட்டி பெட்டியாகச் சென்னைக்கு வந்து இறங்கியது. கம்பெனி ஆட்கள் பாகங்களைப் பூட்டி முடித்த பிறகு, சோதித்துப் பார்த்து எடுத்துக்கொள்ள, பழையதைத் தரையில் நிறுத்திவிட்டு இரண்டு பைலட்டுகளோடு இவரும் வந்தார். சென்னைக்கும் எங்களுக்கும் பஸ்ஸில் ஒரு பகல் கூட ஆகாது. ஆனால் எனக்குப் பொதுத்தேர்வு அறைப் பணி. அவருக்கு விடிந்தால் அடைந்தால் சோதனை. அப்போதுதான் அவர் அந்தச் செய்தியைச் சொன்னார்.

"சேலத்துல எண்ணெய் ரொப்பிக்கினு மேற்க போறோம். ஹைவே மேலயேதான் வருவோம். நம்ம வூட்டு மேல வருவேன்."

"இங்கதான் மந்திரி எறங்கற கிரவுண்டு இருக்குதே, கொஞ்சம் எறக்குங்களேன்."

"அதுக்கு கலெக்டர் அனுமதி வோணும், ஃபயர் வண்டி வோணும், பந்தோபஸ்து வோணும். நான் இன்னா மந்திரியா? மொட்ட மாடில செவப்பா எதுனா விரிச்சி வையி. அடையாளத்துக்கு. பாத்துக்கினே போறேன்."

அவர் பறக்கிற அன்றைக்கு எனக்குத் தேர்வுப் பணி இல்லை. காலையில் கருவாட்டுக் குழம்பு வைத்தேன். யார் சாப்பிட என்று கேட்காதீர்கள், அவருக்குப் பிடிக்கும். பிறகு பெட்டியைத் திறந்து சிவப்புக் கல்யாணக் கூறைப் புடவையை எடுத்து மாடியில் விரித்து, நான்கு மூலையிலும் செங்கல் வைத்தேன். எங்களுக்கு வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிற கீழ்வீட்டு அக்கா மூச்சு வாங்க மேலே வந்து என்ன ஏது என்று கேட்டார். சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

அக்கா நல்லவர். அந்த நல்ல மனதோடு தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். டீச்சர் வீட்டுக்காரர் ஹெலிகாப்டரில் வருகிறார், சிவப்புப் புடவை விரிக்க வேண்டுமாம் என்று. கொஞ்ச நேரத்தில் நான் திரும்பிப் பார்த்தால் எதிர்வீட்டு மாடியில் ஒரு சிவப்பு, பக்கத்து வீட்டில் ஒரு சிவப்பு, மூலை வீட்டில் மேல்மருவத்தூருக்குக் கட்டிக்கொண்டு போகிற புடவைகள் கொடியில் வரிசையாக. ஒருத்தி அங்கிருந்தே, "மலையில சாராயம் புடிக்க வராங்களா டீச்சர்?" என்று கத்தினாள்.

"அக்கா, இன்னாக்கா பண்ணி வெச்சிக்கிறீங்க! எது எங்க வூடுன்னு அவருக்கு எப்டி தெரியும்?"

"எல்லாரும் சேந்து வரவேத்தா நல்லாத்தான டீச்சர் இருக்கும்" என்றார் அக்கா. அவரோடு சண்டை போடவும் நேரமில்லை. கிழக்கே சத்தம் கேட்டுவிட்டது.

நான் செங்கல்லை உதறிவிட்டுப் புடவையின் ஒரு முனையைப் பிடித்தேன், பாப்பா மறு முனையைப் பிடித்தாள். அசைகிற சிவப்பாவது கண்ணில் படட்டும் என்று இருவரும் உதறி உதறி ஆட்டினோம். அதைப் பார்த்துத் தெருவே புடவையை ஆட்ட ஆரம்பித்தது. ஹெலிகாப்டர் நெடுஞ்சாலைப் பக்கமிருந்து வந்து, எங்கள் தலைக்கு மேலே போய், வலப்பக்கம் கல்வராயன் மலையை விட்டுவிட்டுச் சின்னசேலம் பக்கம் சிறுத்துப் போனது. பாப்பா தொண்டை கட்டும்வரை அப்பா அப்பா என்று கத்தினாள். நானும் கத்தினேன், அவர் பெயரைச் சொல்லி. கல்யாணமாகி அவர் பெயரை வாய்விட்டுக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

சேலத்திலிருந்து போன் வந்தது. "பாத்தீங்களா?" என்றேன், ஹலோ கூடச் சொல்லாமல்.

"இல்லம்மா" என்றார்.

எங்களுக்குக் கிழக்கே, தியாகதுருகம் தாண்டும்போதே ஒரு எச்சரிக்கை விளக்கு எரிந்ததாம். கியர் பெட்டி எண்ணெயில் இரும்புத் துணுக்கு ஏதாவது மிதந்தால் ஒரு காந்தம் அதைப் பிடித்துக்கொண்டு, விளக்கை எரியவைத்துக் காட்டிக் கொடுக்கும். சன்னலோரம் உட்கார்ந்திருந்தவர் எழுந்து, பைலட்டுகள் நடுவில் தலையை நீட்டி, சேலம் வருகிறவரை எண்ணெய்ச் சூட்டையும் அழுத்தத்தையும் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். கள்ளக்குறிச்சி எப்போது வந்தது, எப்போது போனது என்றே தெரியவில்லையாம்.

"இப்ப கயட்டிப் பாக்கணும். துணுக்கா இருந்தா ராத்திரி இங்கதான், கம்பெனி ஆள் வந்து பாக்கணும். வெறும் தூளா இருந்தா கெளம்பிடுவோம்."

"நாங்க வரோம்" என்றேன்.

"வராதம்மா. எப்ப முடியும்னு தெரியாது."

கருவாட்டுக் குழம்பைத் தூக்கில் ஊற்றி, சோற்றைக் கட்டிக்கொண்டு, பாப்பாவோடு சேலம் பஸ்ஸில் ஏறி, ஏறிவிட்டோம் என்று மெசேஜ் அனுப்பினேன். பஸ் முழுக்கக் குழம்பு வாசனை. முன்சீட்டுக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்தார், பார்க்கட்டும். துணுக்காக இருக்கட்டும், துணுக்காக இருக்கட்டும் என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டே போனேன். கோடிக்கணக்கில் கொட்டி வாங்கிய மெஷின் ஒரு ராத்திரி எனக்காகப் படுத்தால் என்ன குறைந்துவிடும்?

ஆத்தூரில் பஸ் நின்றபோது போன் அடித்தது.

"தூள்தான். புது கியர்ல அப்டித்தான் வரும். தொடச்சி மாட்டி ஓட்டிப் பாத்துட்டோம். கெளம்பறோம்."

"ஆத்தூர்ல இருக்கோம். இன்னும் கொஞ்ச நேரந்தான். நாளைக்கி கையெழுத்து போடறேன்னு சொல்லக் கூடாதாங்க? ஒரே ஒரு நாளு."

அந்தப் பக்கம் யாரோ அவரைக் கூப்பிடும் சத்தம் கேட்டது. பிறகு சொன்னார். "பைலட்டே கேட்டாரு. காலையில ஒருக்கா ஓட்டிப் பாத்துட்டுப் போலாமான்னு. அப்பதான் உன் மெசேஜப் பாத்தேன். ஒடனே கையெழுத்த போட்டுட்டேன்."

"ஏன்?"

"சரின்னு சொல்லியிருந்தா, மெஷினுக்காக சொன்னனா, உனக்காக சொன்னனான்னு எனக்கே தெரியாம பூடும்மா."

எனக்கு அவர் மேல் வந்த கோபம் இன்றுவரை முழுசாக ஆறவில்லை. அந்த ஆள்தான் எனக்கு வேண்டும் என்று அன்றைக்கு ஏங்கியது போல என்றைக்கும் ஏங்கியதுமில்லை. "நல்லபடியா போய்ட்டு வாங்க" என்று சொல்லி போனை வைத்தேன். பாப்பா, சேலம் வந்துவிட்டதா என்று கேட்டாள். அவளையும் பையையும் இறக்கிக்கொண்டு, கள்ளக்குறிச்சி பஸ் எங்கே நிற்கும் என்று அங்கே பூ விற்றுக்கொண்டிருந்த அம்மாவிடம் விசாரித்தேன்.